காப்பியர் நெட்வொர்க்கில் வராதபோது: ஒயர் முனையிலிருந்து ஸ்கேன் ஃபோல்டர் வரை தேடும் முறை

"காப்பியர் வேலை செய்யவில்லை" என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கண்ணாடி மேல் ஒரு தாளை வைத்துப் பச்சை பட்டனை அழுத்தினால் நகல் வருகிறதா? வந்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு அதன் முதுகிலிருந்து கிளம்பும் ஒயரிலோ, அந்த ஒயர் போய்ச் சேரும் இடத்திலோ இருக்கிறது. நகலே வரவில்லை என்றால் இந்த வழிகாட்டி உதவாது, சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

பிரிண்ட் வரவில்லை என்றதும் பெரும்பாலானோர் செய்வது டிரைவரை (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது. நானும் செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஓர் அலுவலகத்தில் எட்டுக் கணினிகளில் வரிசையாக டிரைவரை மாற்றி அரை நாளைத் தொலைத்த பிறகு, கூட்டிப் பெருக்க வந்த அம்மா "இந்த ஒயர் மேல சக்கரம் ஏறி நிக்குதே, பரவாயில்லையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கே போனாலும் கீழிருந்து மேலேதான் போகிறேன்: முதலில் ஒயர், அடுத்து லைட், அப்புறம் ஐபி (நெட்வொர்க்கில் மெஷினுக்குள்ள முகவரி எண்), கடைசியாகத்தான் கணினி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சரியானால், எது சரி செய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எழுந்து போகும் முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி, எல்லோருக்கும் வரவில்லையா, ஒருவருக்கு மட்டுமா? ஒருவருக்கு மட்டும் என்றால் காப்பியர் பக்கம் போகவே வேண்டாம். அந்த ஒருவரின் கணினியிலோ அவர் ஒயரிலோதான் பிரச்சினை. நேராகப் படி 6-க்குப் போய்விடலாம்.

இரண்டாவது, நின்றது பிரிண்டா, ஸ்கேனா, மெயிலா? இதைப் பலர் கேட்பதே இல்லை. பிரிண்ட் செய்யும்போது கணினி காப்பியரைத் தேடிப் போகிறது. ஃபோல்டருக்கு ஸ்கேன் செய்யும்போது காப்பியர் கணினியைத் தேடிப் போகிறது. மெயிலுக்கு ஸ்கேன் செய்யும்போது காப்பியர் அலுவலகத்தை விட்டே வெளியே போகிறது. ஒயர் ஒன்றுதான், பயணம் மூன்று. பிரிண்ட் ஒழுங்காக வந்து ஸ்கேன் மட்டும் நின்றிருந்தால் ஒயரைச் சந்தேகிப்பது வீண் வேலை. மூன்றும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் ஒயரை விட்டு வேறெதையும் முதலில் தொடாதீர்கள்.

மூன்றாவது, நேற்றுவரை ஓடியதா? ஓடியது என்றால் இடையில் என்ன மாறியது? "ஒன்றும் மாறவில்லை" என்றுதான் பதில் வரும். நம்ப வேண்டாம். இணைய ரூட்டரை மாற்றினார்களா, மேசையை நகர்த்தினார்களா, யாராவது பாஸ்வேர்டை மாற்றினார்களா, காப்பியருக்குச் சர்வீஸ் நடந்ததா என்று தனித்தனியாகக் கேளுங்கள். நாலில் ஒன்றுக்கு "ஆமாம், அது மட்டும்தான்" என்று வரும்.

படி 1: மெஷினின் முதுகுப் பக்கம்

மெஷினைச் சற்று முன்னால் இழுத்துப் பின்பக்கம் பாருங்கள். ஃபேக்ஸ் வசதி உள்ள மெஷின்களில் நெட்வொர்க் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே டெலிபோன் சாக்கெட் ஒன்றோ இரண்டோ இருக்கும். டெலிபோன் பிளக் சிறியது. அது நெட்வொர்க் சாக்கெட்டிலும் நுழைந்து உட்கார்ந்துவிடும். டெலிபோன் லைனில் 48 வோல்ட் அளவுக்கு மின்சாரம் இருக்கும், மணி அடிக்கும்போது அதைவிட ஏறும். நெட்வொர்க் போர்ட்டுக்கு அது நல்லதல்ல. எட்டுத் தகடு உள்ள ஆர்ஜே45 கனெக்டர்தான் நெட்வொர்க்குக்கு உரியது. வண்ண பிரிண்ட் சர்வர் பெட்டி தனியாக இணைந்த பெரிய மெஷின்களில் இரண்டு மூன்று நெட்வொர்க் சாக்கெட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்று அந்தப் பெட்டிக்கும் மெஷினுக்கும் நடுவே மட்டும் பேசுவதற்கு. சர்வீஸ் முடித்தவர் ஒயரைத் திரும்பச் சொருகும்போது இடம் மாறிப்போவது உண்டு.

சரி, ஒயர் சரியான சாக்கெட்டில் இருக்கிறது. கழற்றி மறுபடி சொருகுங்கள், "க்ளிக்" என்று சத்தம் கேட்க வேண்டும். சத்தம் வராவிட்டால் கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கும். அந்த ஒயர் இன்றைக்கு ஓடும், யாராவது தாள் டிரேயை வேகமாகத் தள்ளினால் நழுவும். செல்லோ டேப் ஒட்டி ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள்.

இப்போது சாக்கெட்டின் ஓரத்து லைட். பொதுவாக ஒன்று இணைப்பைக் காட்டும், இன்னொன்று தகவல் போய்வரும்போது மினுக்கும். நிறங்களுக்கு எல்லா மெஷினிலும் ஒரே பொருள் இல்லை, அதனால் நிறத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். எரிகிறதா இல்லையா என்பதே போதும். எரியவில்லை என்றால் கோளாறு ஒயர், சுவர், சுவிட்ச் (அலுவலக ஒயர்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி), மெஷினின் போர்ட் (ஒயர் சொருகும் சாக்கெட்) ஆகிய நான்கில்தான். ஐபியைப் பற்றியோ டிரைவரைப் பற்றியோ யோசிக்கும் கட்டம் இன்னும் வரவில்லை. ஒரு எச்சரிக்கை: மெஷின் உறக்கத்தில் இருக்கும்போது சில மாடல்களில் லைட் அணைந்தே இருக்கும். திரையைத் தொட்டு எழுப்பிவிட்டுப் பாருங்கள். லைட்டே வைக்காத மெஷின்களும் உண்டு. அப்படியானால் மறுமுனையில் சுவிட்சின் லைட்டைப் பாருங்கள்.

மெனுவிலும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வைஃபையும் ஒயரும் உள்ள மெஷின்களில் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். யாரோ மொபைலிலிருந்து பிரிண்ட் எடுக்க ஆசைப்பட்டு வைஃபையை ஆன் செய்திருப்பார், அந்த நொடியே ஒயர் இணைப்பு செத்திருக்கும்.

படி 2: ஒயரைச் சந்தேகிப்பது எப்படி

மிக எளிய சோதனை இது. காப்பியரிலிருந்து ஒயரைக் கழற்றி ஒரு லேப்டாப்பில் சொருகுங்கள், லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். லேப்டாப்புக்கு நெட்வொர்க் கிடைத்தால் ஒயர், சுவர், சுவிட்ச் மூன்றும் பெரும்பாலும் சரி. கிடைக்கவில்லை என்றால், ஓடும் ஒரு கணினியின் ஒயரைக் கொண்டுவந்து காப்பியரில் சொருகிப் பாருங்கள். இந்த இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிடம் போதும். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

காப்பியர் ஒயர் மற்ற ஒயர்களைவிட அதிகம் அடிபடும். நூறு கிலோவைத் தாண்டும் மெஷின் சக்கரத்தில் நிற்கிறது. தாள் சிக்கினாலும் சர்வீஸ் வந்தாலும் இழுக்கிறார்கள், தள்ளுகிறார்கள். சக்கரம் ஏறி நசுங்கிய ஒயர் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே இரண்டு கம்பி ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ஒன்று அறுந்திருக்கும். விரலால் ஒயர் முழுவதையும் தடவிப் பாருங்கள். தட்டையாகத் தெரியும் இடம், கூர்மையாக மடிந்த இடம் இரண்டும் சந்தேகத்துக்குரியவை. மடிப்பின் வளைவு ஒயரின் குறுக்களவைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு.

அறுந்த கம்பி எது என்பதைப் பொறுத்துக் கோளாறின் முகம் மாறும். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) இணைப்புக்கு எட்டில் நான்கு கம்பிகள் போதும்: 1, 2, 3, 6. ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்திருந்தால், இரண்டு முனைகளும் 1, 2, 3, 6 வழியாகவே பேசி "ஜிகாபிட்டில் ஓடுவோம்" என்று ஒப்புக்கொள்ளும். ஓடப் பார்த்தால் முடியாது. சில போர்ட்டுகள் தாமாக 100-க்கு இறங்கிவிடும். மற்றவை ஏறுவதும் விழுவதுமாகவே இருக்கும், லைட் வந்து வந்து போகும். பழைய காப்பியர் அதே ஒயரில் வருடக்கணக்காக ஓடியிருக்கும், புது காப்பியரை வைத்ததும் இணைப்பு வராது. உடனே புது மெஷினைக் குறை சொல்வார்கள். பழைய மெஷின் 100-ல் ஓடியது, புதியது ஜிகாபிட், அவ்வளவுதான். மெஷினின் வேகத்தைத் தற்காலிகமாக 100-க்கு வைத்துப் பாருங்கள். ஓடினால் குற்றவாளி ஒயர்தான்.

கிரிம்ப் செய்த கையைப் பார்க்க வேண்டும்

அலுவலகத்திலேயே யாரோ கனெக்டர் அடித்த (கிரிம்ப் செய்த) ஒயர் என்றால் இதை நிதானமாகப் படியுங்கள். கனெக்டரின் நாக்கு கீழேயும் தகடுகள் மேலேயும், ஒயர் நுழையும் வாய் உங்களை நோக்கியும் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக டி568பி என்ற பொது வரிசை இது: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை இருக்க வேண்டும்.

புதிதாகக் கற்றவர்கள் செய்யும் தவறு, ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவது: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று. இரண்டு முனையும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, என்ன தப்பு என்று தோன்றும். மலிவான கேபிள் டெஸ்டரும் ஒன்று முதல் எட்டு வரை பச்சை லைட் காட்டி ஆமோதிக்கும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் வரும் ஜோடியாக இருக்க வேண்டும். முறுக்குத்தான் குறுக்கீட்டைத் தடுக்கிறது. ஜோடி பிரிந்து போனால் கம்பித் தொடர்ச்சி இருக்கும், சிக்னல் கலங்கும். குட்டி ஒயரில் தெரியாது. நீள ஒயரில் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் குட்டிச் செய்தி) போகும், பெரிய ஸ்கேன் பாதியில் நிற்கும். லைட் டெஸ்டரை நம்பி இதில் ஏமாந்தவர்கள் பலர். கனெக்டரின் வழியாக நிறத்தைக் கண்ணால் படிப்பதே நல்ல டெஸ்டர்.

முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெளி உறை கனெக்டருக்குள் போய் அதன் பிடிக்குள் மாட்டியிருக்க வேண்டும். கலர் கம்பிகள் கனெக்டருக்கு வெளியே தெரிந்தால், முதல் இழுப்பிலேயே பிடுங்கிக்கொள்ளும். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய மலிவு ஒயரும் சந்தையில் நிறையக் கிடைக்கிறது. அதற்கு மின்தடை அதிகம், வளைத்தால் முறியும். காப்பியர்போல் நகரும் சாமானுக்கு அது ஆகவே ஆகாது. சுவரிலிருந்து மெஷின் வரைக்கும் கம்பி அடித்துச் செய்வதைவிட, இழைக் கம்பியாலான, இரு முனையிலும் கனெக்டரோடு வரும் ஆயத்த பேட்ச் கார்டு வாங்கிப் போடுவதுதான் என் பழக்கம். கேட்5இ தர ஒயர் போதும், காப்பியருக்கு அதற்கு மேல் தேவையில்லை. தரையில் ஒரு வளையம் அளவுக்குத் தளர்வு விடுங்கள், சக்கரத்துக்கு எட்டாத பக்கமாக.

படி 3: சுவருக்குப் பின்னால், சுவிட்ச் வரை

சுவர் சாக்கெட்டில் எண் எழுதியிருந்தால் பேட்ச் பேனலில் (சுவர் ஒயர்கள் வந்து முடியும் பலகையில்) அதே எண்ணைத் தேடுங்கள். சுவரில் ஒயர் சொருகியிருந்தும், அந்தப் பக்கத்தில் பேனலிலிருந்து சுவிட்சுக்கு ஒயரே போகாமல் இருக்கலாம். காப்பியரை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றிய அன்று இதுதான் நடக்கும்.

மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும்: சுவருக்குள் 90, இரு முனை பேட்ச் கார்டுகளுக்கும் சேர்த்து 10. அதற்கு மேல் போனால் நடுவில் சுவிட்ச் வேண்டும். இரண்டு ஒயரை இணைக்கும் குட்டி ஜாயின்டர் நீளத்தைக் கூட்டாது, கோளாறு வரும் இடத்தைத்தான் கூட்டும்.

சுவிட்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் வந்தால் பழைய போர்ட் எரிந்திருக்கலாம். அல்லது, நிர்வகிக்கப்படும் சுவிட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடியது) என்றால், அந்தப் போர்ட் வேறு விலானில் (ஒரே சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில்) இருக்கலாம், பாதுகாப்புக்காகப் பூட்டியும் இருக்கலாம். குறிப்பிட்ட மேக் முகவரிக்கு (ஒவ்வொரு நெட்வொர்க் போர்டுக்கும் உள்ள தனி அடையாள எண்ணுக்கு) மட்டும் அனுமதி என்று போர்ட்டைப் பூட்டிவைக்கும் அலுவலகங்களில், காப்பியரை மாற்றினாலோ அதன் நெட்வொர்க் போர்டை மாற்றினாலோ மேக் முகவரி மாறிவிடும், சுவிட்ச் கதவைச் சாத்திவிடும். "போர்டு மாற்றினோம், இன்னும் வரவில்லை, புது போர்டும் கோளாறு" என்ற முடிவுக்குப் போகும் முன் இதைப் பாருங்கள்.

மேசைக்கு அடியில் கிடக்கும் ஐந்து போர்ட் சுவிட்சையும் விட்டுவிட வேண்டாம். ஒரே ஒயரின் இரண்டு முனையையும் அதில் சொருகிவிட்டால் தகவல் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கையே அடைத்துவிடும். அந்தச் சுவிட்சின் அடாப்டர் காப்பியரோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். காப்பியரின் ஃபியூசர் (டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் பகுதி) சூடேறும்போது மின்சாரத்தை மொத்தமாக இழுக்கும், மின்னழுத்தம் ஒரு கணம் தாழும், குட்டி சுவிட்ச் அணைந்து எரியும். காலையில் முதல் பிரிண்ட் மட்டும் தொலைகிறது என்ற புகாருக்கு இப்படியும் காரணம் இருக்கலாம். காப்பியரைத் தனிச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

படி 4: லைட் எரிகிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது, அல்லது தூங்கி எழுந்தால் வரவில்லை

சிறிய பிரிண்ட் போகிறது, பிங் போகிறது, நாற்பது பக்கக் கலர் ஸ்கேன் ஊர்ந்து போய் நடுவழியில் நிற்கிறது என்றால் டூப்ளெக்ஸ் (இரு முனையும் ஒரே நேரத்தில் பேசுவது ஃபுல், மாறி மாறிப் பேசுவது ஹாஃப்) பொருந்தவில்லையா என்று பாருங்கள். ஒரு முனையைக் கையால் "100 ஃபுல்" என்று பூட்டி, மறுமுனையை ஆட்டோவில் விட்டால், ஆட்டோ முனையால் வேகத்தை மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும். டூப்ளெக்ஸ் தெரியாததால் ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். ஒருவர் இடைவிடாமல் பேச, மற்றவர் "அவர் முடிக்கட்டும்" என்று காத்திருக்கும் கதைதான். மருந்து எளிது: இரண்டு முனையும் ஆட்டோ, இல்லாவிட்டால் இரண்டு முனையும் ஒரே மாதிரி பூட்டியது. சோதனைக்காக 100-க்கு வைத்தவர்கள் ஒயரை மாற்றிய பிறகு மறக்காமல் ஆட்டோவுக்குத் திருப்புங்கள்.

உறக்கக் கோளாறு தனி ரகம். மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பல காப்பியர்கள் தூங்கும்போது இணைப்பை 100-க்கோ 10-க்கோ இறக்கிக்கொள்ளும், எழும்போது மறுபடி ஏற்றும். அந்த நொடியில் இணைப்பு ஒருமுறை விழுந்து எழும். 10 எம்பிபிஎஸ்ஸே தெரியாத புதிய வேக சுவிட்ச் போர்ட்டில் சொருகியிருந்தால், தூங்கிய மெஷின் நெட்வொர்க்கிலிருந்து மறைந்தே போகும். 2010-ல் வந்த 802.3ஏஇசட் என்ற மின்சிக்கன ஈதர்நெட் வசதியும் சில ஜோடிகளுக்கு நடுவே ஒத்துப்போகாது. சுவிட்சிலோ மெஷினிலோ அதை அணைத்துப் பாருங்கள்.

சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீ (தகவல் சுற்றிச் சுற்றி வருவதைத் தடுக்கும் ஏற்பாடு) அதன் பழைய இயல்பிலேயே இருந்தால், இணைப்பு எழுந்த பிறகும் போர்ட் 30 விநாடி தகவலை விடாது: 15 விநாடி கேட்கும், 15 விநாடி கற்கும். அதற்குள் காப்பியர் ஐபி கேட்டு அலுத்துப்போய், தனக்குத்தானே ஒரு முகவரி வைத்துக்கொள்ளும். அந்தப் போர்ட்டை "எட்ஜ்" அல்லது "போர்ட்ஃபாஸ்ட்" என்று குறித்துவிட்டால் காத்திருப்பு போய்விடும்.

படி 5: ஐபி

மெஷினின் மெனுவிலிருந்து கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பார்க்க வேண்டியவை ஐபி, சப்நெட் மாஸ்க் (எந்த ஐபிகள் ஒரே நெட்வொர்க் என்று சொல்லும் எண்), கேட்வே (வெளியே போகும் வழி, பெரும்பாலும் ரூட்டர்), டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தருவது), மேக் முகவரி.

ஐபி 169.254 என்று தொடங்கினால், மெஷின் டிஎச்சிபி சர்வரிடம் (ஐபிகளைப் பங்கிட்டுக் கொடுப்பது, பெரும்பாலும் ரூட்டரே) கேட்டுப் பதில் கிடைக்காமல் தானே வைத்துக்கொண்ட முகவரி அது. ஒயர், விலான், ரூட்டர் என்று திரும்பிப் போங்கள். எல்லாம் 0 என்றால் மெஷினுக்கு முகவரியே கிடைக்கவில்லை.

ஐபி ஒழுங்காகத் தெரிகிறது, ஆனால் கணினிகளின் ஐபியோடு குடும்பம் ஒத்துப்போகவில்லையா? காப்பியர் 192.168.1.50, கணினிகள் 192.168.0.-ல் தொடங்குகின்றன என்றால், ரூட்டரை மாற்றியிருக்கிறார்கள். கணினிகள் புது முகவரியைத் தாமாக வாங்கிக்கொண்டன, கையால் ஐபி எழுதிய காப்பியர் பழைய தெருவிலேயே நிற்கிறது. நான் பார்த்த "திடீரென்று நின்றுவிட்டது" புகார்களில் இதுதான் அதிகம்.

ஓர் ஐபியை இரண்டு பேர் வைத்துக்கொண்டிருப்பது அடுத்தது. ஒரு மணி நேரம் ஓடும், ஒரு மணி நேரம் நிற்கும். யாரோ அலுவலகத்துக்கு வந்தால் நிற்கும், போனால் ஓடும். இதைப் பிடிக்க ஒரு தந்திரம்: காப்பியரின் ஒயரைக் கழற்றிவிட்டு அதே ஐபிக்குப் பிங் அடியுங்கள். பதில் வந்தால் அந்த ஐபியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். நிலையான தீர்வு, ரூட்டரில் காப்பியரின் மேக் முகவரிக்கு ஓர் ஐபியை ஒதுக்கிவைப்பது. கையால் எழுதத்தான் வேண்டும் என்றால் டிஎச்சிபி கொடுக்கும் வரம்புக்கு வெளியே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

பிங் அடிக்கத் தெரியாதவர்களுக்கு: கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஐபியைக் கொடுங்கள். "ரிப்ளை" வந்தால் பாதை சரி. "ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்றால் போன செய்திக்குப் பதில் வரவில்லை. உங்கள் கணினியின் சொந்த ஐபியிலிருந்தே "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று வந்தால், அந்த முகவரியில் யாரும் இருப்பதாகவே தெரியவில்லை என்று பொருள். நாலு பதிலோடு திருப்திப்படாமல் பத்து நிமிடம் ஓட விடுங்கள், அப்போது ஒயரை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது பதில் அறுந்தால் வேலை முடிந்தது.

படி 6: பிரிண்ட் மட்டும் வரவில்லை

கணினியின் பிரவுசரில் காப்பியரின் ஐபியை அடியுங்கள். மெஷினின் பக்கம் திறந்தால் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, இனி கணினியின் அமைப்பைப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தை நிர்வாகி அணைத்துவைத்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை செல்லாது.

விண்டோஸில் பிரிண்டரின் போர்ட் பட்டியலைப் பாருங்கள். டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் போர்ட் இருந்தால், விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்த இணைப்பு அது. சேர்க்க எளிது, நம்ப முடியாது. மெஷின் தூங்கி எழுந்தால் "ஆஃப்லைன்" என்று நிற்கும். ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட் ஒன்றைக் காப்பியரின் ஐபியோடு உருவாக்கி அதற்கு மாற்றுங்கள். பொதுவாக அது 9100 என்ற கதவு எண்ணைப் பயன்படுத்தும். அதற்குப் பதில் இல்லையென்றால் எல்பிஆர் என்ற பழைய பிரிண்ட் முறையின் 515-ஐ முயலலாம்.

பிங் போகிறது, பிரவுசர் திறக்கிறது, இருந்தும் ஆஃப்லைன் என்றே காட்டுகிறதா? அதே போர்ட்டின் அமைப்பில் "எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு" என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுங்கள். காப்பியரில் எஸ்என்எம்பி (மெஷினின் நிலையை விசாரிக்கும் முறை) அணைந்திருந்தாலோ அதன் கம்யூனிட்டி பெயரை (அதற்கான பாஸ்வேர்டு போன்றதை) மாற்றியிருந்தாலோ விண்டோஸ் கேட்கும் நலம் விசாரிப்புக்குப் பதில் வராது. உயிரோடு இருக்கும் மெஷினை இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

படி 7: ஸ்கேன் ஃபோல்டருக்குப் போகவில்லை

இங்கே ஒயர் பெரும்பாலும் நிரபராதி. காப்பியர் உங்கள் கணினிக்குள் நுழையப் பார்க்கிறது, உங்கள் கணினி தடுக்கிறது.

முதலில் ஐபி. கணினியின் ஐபி மாறியிருக்கும், காப்பியரின் முகவரிப் புத்தகத்தில் பழையது இருக்கும். கணினிப் பெயரைக் கொடுத்திருந்தால் அதற்குப் பதில் ஐபியைக் கொடுத்துப் பாருங்கள். ஐபியில் ஓடினால் பெயரைத் தேடித் தருவதில்தான் கோளாறு.

அடுத்து பாஸ்வேர்டு. கணினியைத் திறக்க நான்கு இலக்க பின் நம்பர் (PIN) பயன்படுத்துபவர்கள் அதையே காப்பியரிலும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நம்பர் அந்தக் கணினிக்குள் மட்டும்தான் செல்லும். காப்பியருக்கு உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். யாராவது பாஸ்வேர்டை மாற்றும்போதெல்லாம் ஸ்கேன் நிற்கும் தொல்லைக்கு, ஸ்கேனுக்கென்றே ஒரு லோக்கல் பயனர் கணக்கை உருவாக்கிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஷேரிங் பக்கத்திலும் செக்யூரிட்டி பக்கத்திலும் எழுதும் உரிமை வேண்டும். ஒன்றில் மட்டும் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் தேடுவது சகஜம்.

மூன்றாவது, விண்டோஸில் நெட்வொர்க் வகை "பப்ளிக்" என்று மாறியிருக்கிறதா? ரூட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புது இடமாக நினைத்து, ஃபைல் ஷேரிங் கதவை மூடிவிடும். "பிரைவேட்" என்று மாற்றுங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது தீர்வல்ல. சோதனைக்கு ஒரு நிமிடம் அணைத்தால் உடனே போட்டுவிடுங்கள். இந்தப் பயணத்துக்குத் தேவையான கதவு 445.

நான்காவது, வயது. பழைய காப்பியர்களுக்கு விண்டோஸின் ஃபோல்டர் பகிர்வு முறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அது இயல்பாக ஏறுவதில்லை. அதனால்தான் புதுக் கணினி வாங்கிய மறுநாள் ஸ்கேன் நிற்கிறது. இணையத்தில் தேடினால் முதல் பதிப்பை மறுபடி ஆன் செய்யச் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். மெஷினுக்கு ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) புதுப்பிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், பல மாடல்களுக்கு இரண்டாம் பதிப்பு அப்படித்தான் வந்தது. இல்லையென்றால் எஃப்டிபி என்ற வேறு ஃபைல் அனுப்பும் முறை, அதுவும் இல்லையென்றால் பென்டிரைவ். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு இன்னொரு பூட்டையும் போட்டிருக்கிறது: எஸ்எம்பி கையொப்பம் (அனுப்பியவர் யார் என்று ஒவ்வொரு செய்தியிலும் வைக்கும் முத்திரை) பெரும்பாலான பதிப்புகளில் இயல்பாகவே கட்டாயம், பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளி நுழைவும் எடுபடாது.

கடைசியாக, காப்பியரின் கடிகாரம். டொமைன் (எல்லாப் பயனர் கணக்குகளையும் ஒரே சர்வரில் நிர்வகிக்கும் ஏற்பாடு) உள்ள அலுவலகங்களில் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறைக்கு நேர வித்தியாசம் 5 நிமிடத்துக்கு மேல் போனால் நுழைவு மறுக்கப்படும். மெஷினின் தேதி பின்தங்கியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

மெயில் விஷயம் சுருக்கமாக. அலுவலகத்துக்குள் எல்லாம் ஓடி மெயில் மட்டும் போகவில்லை என்றால் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் சரியா என்று பாருங்கள். உள்ளூர்ப் பயணத்துக்கு அவை தேவையில்லை, வெளியே போகத்தான் வேண்டும். 25 என்ற போர்ட்டைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்துவைத்திருக்கும். 587 அல்லது 465 பயன்படுத்துங்கள். ஜிமெயில் வெறும் பாஸ்வேர்டோடு பழைய சாதனங்களை விடுவதைத் தனிப்பட்ட கணக்குகளுக்கு 2022 மே 30-ல் நிறுத்தத் தொடங்கியது. இப்போது ஆப் பாஸ்வேர்டு (கூகுள் கணக்கில் தனியாக உருவாக்கிக்கொள்ளும் பாஸ்வேர்டு) வேண்டும்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால்

காப்பியரை நெட்வொர்க்கிலிருந்து மொத்தமாகப் பிரித்துவிடுங்கள். நடுவில் சுவரும் வேண்டாம், சுவிட்சும் வேண்டாம். நல்லதென்று தெரிந்த ஒரு குட்டி பேட்ச் கார்டால் லேப்டாப்பையும் காப்பியரையும் நேராக இணையுங்கள். இன்றைய லேப்டாப்புகளுக்கு இதற்கென்று கிராஸ் ஒயர் தேவையில்லை, தாமே மாற்றிக்கொள்ளும். மெஷினின் இப்போதைய ஐபி அமைப்புகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, காப்பியருக்கு 192.168.50.2, லேப்டாப்புக்கு 192.168.50.1, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0 என்று கொடுங்கள். பிங் அரை மணி நேரம் ஓடட்டும். நடுவில் மெஷினைத் தூங்கவிட்டு எழுப்புங்கள், ஒரு பெரிய பிரிண்ட் அனுப்புங்கள்.

இதில் ஒரு பதிலும் தவறாவிட்டால் மெஷினில் குற்றமில்லை. கான்ஃபிகரேஷன் பக்கத்தோடு அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்ப்பவரிடம் போங்கள். இங்கேயே பதில் அறுந்தால் மெஷினை அதன் பவர் பட்டனால் முறையாக அணைத்து, திரை இருண்ட பிறகு மெயின் சுவிட்சையும் அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போட்டு மறுபடி பாருங்கள். நேராக மெயின் சுவிட்சை அணைத்தால் உள்ளிருக்கும் ஹார்டு டிஸ்க் கெடலாம். அப்போதும் அறுந்தால் நெட்வொர்க் போர்டுதான். சர்வீஸ் ஆளிடம் "நேர் இணைப்பிலும் பிங் விழுகிறது" என்று சொல்லுங்கள், அவர் வரும்போதே போர்டோடு வருவார். சோதனை முடிந்ததும் பழைய ஐபியை அந்தத் தாளைப் பார்த்துத் திரும்ப எழுதிவிடுங்கள். மறந்தால் அடுத்த போன் உங்களுக்குத்தான் வரும்.